லைட்ஹவுஸ் காலனிக் காற்று

புனே
12.1.2025

அன்பு தேவகி,

போனில் கேட்கக்கூடியதுதான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அதனால்தான் கடிதம்.

நம் லைட்ஹவுஸ் காலனி வீட்டை ஒருவர் கேட்கிறார், குடோன் கட்ட. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடப்பதை விற்றுவிடலாம் என்கிறான் ஜீவா. "அங்க மனுஷன் இருக்க முடியாதும்மா" என்கிறான். அவன் பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டரில் மேலேயிருந்து எடுத்த படம்.

இங்கே பதினோராவது மாடி. புறா வராமலிருக்க ஜன்னலெல்லாம் வலை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் "உடம்பு சரியில்லையா", நடந்தால் "என்ன வேணும் அத்தை". என்ன பதில் சொல்வது?

மார்ச்சில் கையெழுத்து. எங்கள் மாடி அறையில் பதினொரு வருடம் இருந்தவள் நீ. ராணிப்பேட்டையிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். போய்ப் பார்த்து, இருக்க முடியுமா முடியாதா என்று எழுது. ஜீவா சொல்வதை நம்பமாட்டேன், நீ சொன்னால் நம்புவேன்.

உன்
பிரிசில்லா

*

ராணிப்பேட்டை
3.2.2025

அன்புள்ள பிரிசி,

போய் வந்தேன். முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கில் கழித்தலை முன்னால் முடித்துவிட்டால் பயம் போய்விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேனே, அப்படி.

முதல் தெரு இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது. ஒரு வீட்டின் மாடிப்படி மட்டும் தனியாக நிற்கிறது. அதில் ஏறினால் ஆகாயம்தான். யாரோ அதில் வலை காயப்போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டணமே வந்து உட்காருமே, அந்த மணலும் இல்லை. கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். பேக்கரி டயர் கடை ஆகிவிட்டது. நம் பள்ளியில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள் படுத்துக்கொள்கிறார்கள். என் அறிவியல் கூடத்தில் ஸ்டெப்னி அடுக்கியிருக்கிறது. நாற்பது வீட்டில் ஒன்பதில்தான் ஆள் இருக்கிறார்கள்.

இனி நல்லது. உன் வீடு நிற்கிறது. மேற்குச் சுவரில் ஒரு விரிசல், கொத்தனார் இரண்டு நாளில் அடைத்துவிடுவார். குழாயில் தண்ணீர் வருகிறது. எதிர்வீட்டு செண்பகம் இன்னும் இருக்கிறாள், டீ கொடுத்தாள். மொட்டைமாடியில் அரைமணி நேரம் நின்றேன். காற்று மட்டும் மாறவே இல்லை பிரிசி. அதே உப்பு, அதே ஈரம். நெஞ்சு நிறைய இழுத்தேன்.

ஒரு வேடிக்கை. பாலம் வந்ததும் ஆட்டோக்காரர் முகத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டார். "மேடம், நீங்களும் மூடிக்கோங்க. இதுக்கப்புறம் கஷ்டம்" என்றார். "தூசி எனக்குப் பழக்கம்ப்பா" என்றேன். "கில்லாடி மேடம் நீங்க" என்று சிரித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தூசிகூட ஆகவில்லை.

என் பதில்: இருக்கலாம். வா.

உன்
தேவகி

*

லைட்ஹவுஸ் காலனி, சென்னை
24.3.2025

தேவகி,

வந்து பத்து நாள் ஆகிறது. உன் போனை எடுக்காததற்குக் காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

விற்கமாட்டேன் என்று ஜீவாவிடம் சண்டை போட்டு வந்தேன். "தேவகி ஆன்ட்டி சொன்னா போதும், நான் சொன்னா வேணாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மீன்தூள் அரைக்கும் கம்பெனி இருக்கிறது. அதையொட்டிச் சாக்கடைக் கால்வாய். அழுகலும் அமிலமும் கலந்த நாற்றம். சோற்றில், தலையணையில், பைபிள் தாளில்கூட அடிக்கிறது. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டேன். இதைத்தான் நெஞ்சு நிறைய இழுத்தாயா?

விரிசலை எழுதினாய், டயர் கடையை எழுதினாய். இதை மட்டும் ஏன் மறைத்தாய்? நான் பக்கத்தில் வரவேண்டும் என்று உனக்கு ஆசை. அதை நேராகச் சொல்லியிருக்கலாம். நான் நம்பியது உன்னை ஒருத்தியைத்தான்.

பிரிசில்லா

*

ராணிப்பேட்டை
2.4.2025

அன்புள்ள பிரிசி,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். சத்தியமாக எனக்கு எந்த நாற்றமும் அடிக்கவில்லை. இதை உனக்கு எப்படி நிரூபிப்பது என்று வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துவீட்டு புஷ்ரா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"இன்னா டீச்சர், கேஸ் இவ்ளோ ஜாஸ்தியா வீசுது, சும்மா இருக்கீங்க!"

பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. சிலிண்டரை மூடிவிட்டு என்னை வெளியே இழுத்துப்போனாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டினாள். இல்லை. மல்லிகைப்பூ. அதுவும் இல்லை. "உங்களுக்கு மூக்கே பூட்ச்சி டீச்சர்" என்று அழுதேவிட்டாள்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, வாசனை நரம்பு எப்போதோ செத்துவிட்டது என்றார். தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்னால் முப்பது வருடக் குடித்தனம். என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து வந்தால் சட்டை நாறுகிறது என்று முதல் வருடம் சண்டை போட்டேன். இரண்டாம் வருடம் போடவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன், போய்விட்டது என்று தெரியவில்லை. மாடியில் நின்று நான் இழுத்தது நம் இருபத்தைந்து வயதுக் காற்றை.

இதோடு நிறுத்தினால் நீ என்னை மன்னித்துவிடுவாய். ஆனால் உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. செண்பகம் வீட்டில் டீ குடித்தபோது கரண்ட் இல்லை. அவ்வளவு புழுக்கத்திலும் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். "ஒண்ணையாவது தொறயேன்" என்றேன். "வேணாம் டீச்சர், நீங்க டீய குடிங்க" என்றாள். முப்பத்தைந்து வருடம், கண்ணில் பட்டதை ஏன் என்று கேள் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். கேட்கவில்லை. கேட்டால் உன்னை வா என்று எழுத முடியாது என்று உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்கிறது. அதனால் மறைத்தாய் என்று நீ எழுதியதில் பாதி சரி.

என் வீட்டுக்கு வந்து இரு என்று அழைக்கவும் வாய் வரவில்லை. உனக்கு மூக்கு இருக்கிறது.

தேவகி

*

லைட்ஹவுஸ் காலனி
9.4.2025

தேவகி,

முதலில் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கரண்ட் அடுப்பு வாங்கு. மற்றதைப் பிறகு பேசலாம்.

உன்னிடம் நானும் ஒன்று சொல்ல வேண்டும். வந்த அன்று பாலத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோவைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜீவாவுக்குப் போன் செய்து, "ரொம்ப நல்லா இருக்குடா, நீ வேணா லீவுல பசங்கள கூட்டிட்டு வா" என்றேன். அவன் தோற்றுவிட்டதைக் கேட்க வேண்டும்போல இருந்தது. அன்றிலிருந்து தினமும் அதையே சொல்கிறேன். நீ பாதிப் பொய் என்றால் நான் முழுப் பொய்.

அவன் நம்பிவிட்டான். பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை பிள்ளைகளோடு வருகிறான். சின்னவளுக்கு வீசிங் உண்டு. அவர்கள் டிக்கெட்டை ரத்து செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

வீட்டைக் கொடுத்துவிடச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது. புனே இல்லை என்பது மட்டும் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாலு நாளாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். தனியாகச் சொல்ல முடியவில்லை.

கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வா. நான் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு.

பிரிசி