எனக்கும் கிடைத்த ஒரு சொல்

இரத்தோட்டை மழையில் நனைந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்வரும் என் அன்பு மனைவிக்கு,

போனில் சொன்னால் உன் குரல் மாறுவதைக் கேட்க வேண்டிவரும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வானொலிச் செய்தியில் ஆளுங்கட்சிக்காரரின் பெயருக்கு முன்னால் மட்டும் 'கௌரவ' என்று வரும், எதிர்க்கட்சிக்காரருக்கு வெறும் பெயர்தான் என்று நான் பத்திரிகையில் எழுதினேன் அல்லவா? அதற்காக என்மேல் நடந்த விசாரணை இன்று முடிந்தது.

தேநீர் எல்லாம் கொடுத்தார்கள்.

"நீங்க எழுதினது பொய்யின்னு நாங்க சொல்லல்ல. வெளியில ஏன் சொன்னீங்க?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"பதினொரு வருஷமா உள்ளுக்குத்தான் சொன்னேன் சேர்" என்றேன்.

அவர் ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். நானாகவே 'கௌரவமாக' விலகிக்கொள்ள வேண்டுமாம். ஒருவழியாக எனக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டார்களே என்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் நல்ல பசி. எனக்குப் பசி எடுத்து எத்தனை மாதம் என்று உனக்குத்தான் தெரியும். முதல் கடையில் உட்கார்ந்து நாலு ரொட்டி சாப்பிட்டேன்.

"தூக்கத்துலயும் செய்தி வாசிக்கிறீங்க, பயமா இருக்குங்க" என்று போன மாதம் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது நீ சொன்னாய். வேலையை விடுங்கள் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாத்தளையில் இறங்கி இரத்தோட்டை பஸ் எடுப்பேன். பெட்டிகளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். லீவில் வந்திருக்கிறார் என்று சொல்லாதே. கௌரவமாக வந்திருக்கிறார் என்று சொல்.

உன்னுடையவன்