ஏரியில் எடுத்த பதினோரு பாட்டில்கள்

ஆகஸ்ட் 31, ஞாயிறு
அம்மனிடம் வேண்டிக்கொண்டபடி கைங்கரியத்தை இன்று ஆரம்பித்தாயிற்று. ஓய்வு பெற்றதும் இவர் வாங்கிய சின்ன ஃபைபர் படகில் ஞாயிறுதோறும் தூண்டில் போடப் போவார். இந்த வாரம் ஏரியைக் கொஞ்சம் சுத்தமும் செய்யச் சொல்லி அனுப்பினேன். அயனம்பாக்கம் ஏரியில் மிதந்த காலி பாட்டில்கள் பதினொன்று. எல்லாவற்றிலும் கயிறு சிக்கியிருந்ததாம். கத்தியால் அறுத்து எடுத்தாராம். பால், பூ கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ‘கைங்கரியம்’ என்று தலைப்பிட்டு, எங்கே எத்தனை என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மதகுக்கு நேரே நான்கு. செத்த மரத்துக்குத் தெற்கே மூன்று. ஆகாயத்தாமரை ஓரம் நான்கு. தூண்டிலில் இரண்டு ஜிலேபி மீன். மனசு நிறைந்திருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்
பாட்டில்களைக் குப்பை வண்டியில் போட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்
கரையில் நடக்கப் போனவர் முகம் செத்துத் திரும்பினார். அது குப்பையே இல்லையாம். வலை கிடக்கிற இடம் தெரிய மீன்காரர்கள் கட்டி மிதக்கவிடும் அடையாளமாம். தேவராஜ் என்பவருடைய வலைகள். வலையைத் தேடி அவர் இரண்டு நாளாகத் தண்ணீரில் கொக்கி போட்டுத் துழாவுகிறாராம். ‘நான்தான் எடுத்தேன்’ என்று இவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அதற்கு தேவராஜ் கேட்டாராம்:
“தண்ணி மேல மெதந்தா அதுக்கு ஆள் இல்லன்னு அர்த்தமா சார்? உன் ஊட்டு வாசல்ல செருப்பு கெடந்தா நான் எடுத்துகினு போவனா?”
இவர் சாப்பிடவில்லை. “படகை வித்துடறேன் சாவித்திரி” என்கிறார்.
இவர் மேல என்ன தப்பு? வேண்டிக்கிட்டது நான். பாட்டிலுக்கு எதுக்குக் கயிறுன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? புண்ணியம் எழுதுற அவசரம் எனக்கு!

செப்டம்பர் 3, புதன்
காலையில் விளக்கேற்றும்போதுதான் தோன்றியது — நோட்டு!
இரண்டு பேரும் போனோம். நான் கரையில் நின்று படித்தேன். தேவராஜும் இவரும் படகில் போய்க் கொக்கி போட்டார்கள். இரண்டு வலை முழுசாக வந்தது. மூன்றாவது கிழிந்து வந்தது. மீனெல்லாம் செத்து ஊறிப்போயிருந்தது. அந்த நாற்றத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கிழிந்த வலைக்கு இவர் பணம் நீட்ட, தேவராஜ் வாங்க மறுத்துவிட்டார்.
“நோட்டுல இதையும் எய்திக்கோக்கா. பாட்டில தொடக்கூடாது. வல கெடக்கற பக்கம் போனா தூரத்துலயே கொரலு குடுக்கணும். எதிர்ல படகு வந்தா துடுப்ப தூக்கிக் காட்டணும். எவ்ளோ மீனுன்னு மட்டும் கேக்கவே கூடாது. கண்ணு பட்டுடும்.”
கைங்கரியப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு
இவர் மூன்று படகுக்குத் துடுப்பைத் தூக்கிக் காட்டினாராம். பதிலுக்கு ஒருவரும் தூக்கவில்லை. தேவராஜ் பார்க்கவே இல்லையாம். தூண்டில் போடாமலே திரும்பிவிட்டார். தோசை வார்த்தேன், ஒன்று போதும் என்றார். மூன்று சாப்பிடுகிறவர்.

செப்டம்பர் 17, புதன்
புரட்டாசி பிறந்தது. இனி ஒரு மாதம் வீட்டில் மீன் கிடையாது. படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு வந்தார். இதுவும் ஒரு சாக்கு அவருக்கு.

செப்டம்பர் 20, சனி
பெருமாளுக்குப் பூஜை முடித்து, பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய பதினோரு காலி பாட்டில்களைக் கழுவினேன். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயின்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பொட்டு. இனி யார் கண்ணுக்கும் குப்பையாகத் தெரியாது. இவர்தான் தேவராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.
“என்ன சொன்னார்?”
“வாங்கிக்கிட்டார்.”

அக்டோபர் 19, ஞாயிறு
நாளை தீபாவளி. இன்றுதான் படகை மறுபடி இறக்கினார். வேலை கிடக்கட்டும் என்று நானும் கரைவரை போனேன்.
மதகுக்கு நேரே சிவப்புப் பொட்டுகள் மிதந்தன. இவர் தூரத்திலேயே குரல் கொடுத்தார். எதிரே தேவராஜ் படகு. இவர் துடுப்பைத் தூக்கினார்.
தேவராஜ் துடுப்பை உயரத் தூக்கினார். அப்படியே கரைப் பக்கம் திரும்பி, “இன்னாக்கா, பாட்டிலுக்கெல்லாம் பொட்டு வெச்சிக்கீற! என் வலைக்கு இன்னா கல்யாணமா?” என்று கத்தினார். பின்னால் வந்த படகிலும் ஒரு துடுப்பு மேலே போனது.
பத்து மணிக்கு இவர் திரும்பினார். கூடையை வாங்கிக்கொண்டேன். எத்தனை மீன் என்று கேட்கவில்லை.