கழுதைகளின் வேட்பாளர்

பிப்ரவரி கடைசி நாள்

இன்று முதல் நான் வேட்பாளர். வாழ்நாளெல்லாம் மாவில் வெளுத்த ரொட்டிக்கடைக்காரன், வாக்குக் கேட்க டோகா என்ற மேலாடையையும் வெளுக்க வேண்டுமாம். வழக்கம் அப்படி. வெசோனியாதான் வெள்ளைப் பொடியைத் தேய்த்துவிட்டாள். ஊர்ச் சந்தையையும் எடைக்கற்களையும் கவனிக்கும் பதவி. எண்ணெய் வியாபாரி பாக்குவியஸும் அதற்கே நிற்கிறான். எனக்கு அது வேண்டும். ஏன் மறைக்க? மிகவும் வேண்டும்.

வெசோனியாவுக்கு என் கோபத்தை நினைத்துதான் பயம். "கைய வீசிக் கத்தினா பொடி உதிரும். எவ்வளவு கோவப்பட்டீங்கன்னு சாயங்காலம் டோகாவப் பாத்தே சொல்லிடுவேன்." மனைவியா, ஒற்றர் தலைவியா?

மார்ச் தலைநாள்

நியாபொலிஸ் நகரில் ஓர் ஆசிரியரிடம் கேட்ட தத்துவம்: பிறர் வாய் உன் கையில் இல்லை, உன் மனம் உன் கையில். தினமும் சாயங்காலம் உன்னையே விசாரி. காலையில் பலமுறை சொல்லிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வெளியே போனேன்.

குளியல் மண்டபச் சுவரில் சிவப்பு எழுத்து: "ட்ரெபியஸுக்கே வாக்களியுங்கள். இப்படிக்கு, ஊர்க் கழுதைகள் அனைத்தும்." என் மாவுத் திரிகையைச் சுற்றுவது கழுதைகள். எழுத வைத்த பாக்குவியஸ் எதிரே நின்று பல்லைக் காட்டினான். "யோவ் ட்ரெபியஸ், சொந்தக்காரங்க ஆதரவு பலமா இருக்கே!"

சரி, விசாரணை. என்ன செய்தேன்? சுவர் எழுதுபவனின் சுண்ணாம்பு வாளியைப் பிடுங்கி, கத்திக்கொண்டே நானே பூசினேன். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. வீடு வந்தபோது டோகாவில் பொடியே இல்லை. வெசோனியா டோகாவைப் பார்த்துவிட்டு, பொடிக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 2

கால்கள் மறுபடி அந்தச் சுவருக்கே போயின. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். நான் பூசிய புது வெள்ளையில் அதே வாசகம், முன்பைவிடப் பெரிதாக, பளிச்சென்று.

மார்ச் 4

எனக்கு வாக்களிப்பதாகச் சொல்லியிருந்த கம்பளிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். "ஒரு சுவரப் பாத்து இந்தக் குதி குதிக்கிற ஆளு, சந்தையில எப்படிப்பா நியாயம் சொல்வான்?" என்றார்களாம்.

நியாயம்தானே. ச்சே! அழுகை வருது.

மார்ச் 5

திரிகையடியில் உட்கார்ந்திருந்தேன். கிழவி என்று நாங்கள் கூப்பிடும் பெட்டைக் கழுதை சுற்றிச் சுற்றி வந்தாள். அவளையும்தான் ஊரே கழுதை என்கிறது, என்றைக்காவது கோபித்துக்கொண்டாளா? சுவர் என்னைக் கடித்ததா? இல்லை. கடித்தது நான், கடிபட்டதும் நான். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரித்தேன். வெசோனியா எட்டிப் பார்த்து, "வைத்தியரக் கூப்பிடவா?" என்றாள்.

மார்ச் 9, சந்தை நாள்

ஜூன் மாத ரொட்டிக்கடைக்காரர் திருவிழாவில் கழுதைகளுக்குச் செய்வதுபோல் கிழவிக்கு ரொட்டி மாலை போட்டுச் சந்தை நடுவே கூட்டிப்போனேன். "என் ஆதரவாளரக் கூட்டி வந்திருக்கேன்! தினமும் என்கூட வேலை செய்யறவங்க. வேற எந்த வேட்பாளருக்காவது கூட வேலை செய்யறவங்களே வாக்கு கேக்கறாங்களா?" சந்தையே சிரித்தது. பாக்குவியஸ் சிரித்துப் புரையேறி இருமினான்.

சாயங்காலச் சோதனையில் வெசோனியா தோள்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். "இங்க கொஞ்சம் உதிர்ந்திருக்கே?"

"அது சிரிச்சதுல."

மார்ச் நடுநாள்

தோற்றேன். கம்பளிக்காரர்கள் திரும்பி வரவில்லை. வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஜெயித்த மகிழ்ச்சியில் பாக்குவியஸ் குதித்த குதியில் அவன் டோகாவின் பொடி முழுவதும் காற்றில் போயிற்று. என்னைக் கண்டதும் நின்றான். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்திருப்பான். "நல்லா செய்யிய்யா. முதல்ல என் கடை எடைக்கல்லையே வந்து சோதிச்சுக்க," என்றேன்.

டோகாவைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்கு வரேன். கிழவிக்கும் ஏதாவது கொண்டாரேன்," என்றான்.

வாசலில் வெசோனியா, விசேஷ நாளுக்கென்று வைத்திருக்கும் கருநீல உடையில். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. டோகாவை முன்னும் பின்னும் ஒரு சுற்று பார்த்தாள்.

"தோத்தாச்சா?"

"தோத்தாச்சு."

"பொடி அப்படியே இருக்கே!"

அப்புறம் இறுகக் கட்டிக்கொண்டாள். நெஞ்சு, கை, கன்னம் என்று அவள் மேல் முழுக்க வெள்ளை. இதை எழுதும்போது எதிரேதான் அத்திப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறாள். உடையை இன்னும் உதறவில்லை.