பெட்டியின் பின்பக்கம்

ஜூன் 18

எனக்கு மறதி நோய் என்று மருமகள் பூவிழி உறவு முழுக்கச் சொல்லி வருகிறாள். தவறு. தருமபுரியில் டாக்டர் ஒரு கனசதுரத்தின் படத்தைக் காட்டி, பார்த்து வரையச் சொன்னார். நான் வரைந்தது கோணலாக வந்தது. நடந்தது அவ்வளவுதான்.

கான்வென்டில் எங்களுக்குத் தையலும் கையெழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பெட்டி வரைய யாரும் சொல்லித்தரவில்லை. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். பாலக்கோட்டின் பழைய நம்பர்களை இன்றும் ஒப்பிப்பேன்.

திரும்பும் வழியில் மகன் அருள், "ஒரு பொட்டி போட முடியலியேம்மா உன்னால. எப்பிடித் தனியா உட்டுட்டுப் போறது?" என்றான். செப்டம்பரில் மறுபடி பரிசோதனை. தேறினால் என் வீட்டில் இருப்பேன். இல்லையென்றால் ஓசூரில், அவன் ஃப்ளாட்டில்.

பெட்டி வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

ஜூன் 21

மாடியில் குடியிருக்கும் கோகிலவாணி, இன்ஜினியர் ஆபீசில் வீட்டுப் பிளான் போடுகிறவள். தக்காளி வரும் பிளாஸ்டிக் பெட்டி, காலிக் கிரேட் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். ஸ்கேலால் அளந்தேன். முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே நீளம். அப்படியே போட்டேன்.

"அளக்காதீங்கம்மா. கண்ணுக்கு எப்பிடித் தெரியுதோ அப்பிடிப் போடுங்க. பின்னால போகப் போகச் சின்னதாத்தான் தெரியும்."

"அது பொய்யாச்சே."

"பொய்யில்லீங்க. நீங்க எங்க உக்காந்து பாக்கறீங்கங்கறத அந்தப் படம் சொல்லுது."

ஜூன் 30

கோகிலவாணி இன்று ஓர் உத்தி சொன்னாள். ஸ்கேலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடிக்க வேண்டும். அதுதான் கண்மட்டம். அந்தக் கோட்டில் ஒரு புள்ளி. கிரேட்டின் பின்னோக்கிப் போகும் விளிம்புகளை நீட்டினால் எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

என்னுடையவை மூன்று இடங்களில் சேர்ந்தன.

ஜூலை 9

தாள் ஓட்டையாகும்வரை அழித்தேன்.

ஜூலை 16

மார்க்கெட்டில் அடுக்கியிருந்த கிரேட் வரிசையின் முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுமை இறக்குகிறவர், "என்னாங்க ஆயா, தக்காளி வேணுமா, கிரேடு வேணுமா?" என்றார்.

"மூலை வேணும்" என்றேன். சிரித்துவிட்டார்.

வரிசை தூரத்தில் சிறுத்துத்தான் போகிறது. எழுபத்திரண்டு வருஷம் இதைப் பார்க்காமலா இருந்தேன்? என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால், "இந்த வயசுல என்னத்துக்கு" என்பார். பிறகு பென்சிலைச் சீவித் தருவார்.

ஆகஸ்ட் 4

கோகிலவாணி இன்று ஓர் உத்தி சொன்னாள். ஸ்கேலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடிக்க வேண்டும். அதுதான் கண்மட்டம். எவ்வளவு எளிது! ஏன் இதை முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் பென்சிலைச் சீவினாள்.

ஆகஸ்ட் 15

வந்துவிட்டது. ஸ்கேல் இல்லாமல், ஒரே மூச்சில், கிரேட். நீட்டிப் பார்த்தேன். நான்கு கோடும் ஒரே புள்ளியில்.

"எங்க சாரே அப்ரூவல் குடுத்துருவாருங்கம்மா" என்றாள் கோகிலவாணி. அருளுக்குப் போட்டோ அனுப்பினாள். சூப்பர் என்று பதில் வந்தது. பூவிழியிடம் காட்டட்டும்.

ஆகஸ்ட் 23

முதலில் போட்டதையும் இப்போது போட்டதையும் ஒப்பிட ஓவிய நோட்டைப் புரட்டினேன். "கண்மட்டம் — இன்று கற்றது." என் கையெழுத்து. அடிக்கோடு. மூன்று பக்கங்களில், மூன்று தேதிகளில். இந்த நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 30. ஆகஸ்ட் 4. ஏறக்குறைய அதே வாக்கியங்கள்.

மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"மூணாந்தரம் சொல்றேன்னு எப்பிடிங்கம்மா சொல்றது? புதுசாக் கேக்கற மாதிரி அவ்ளோ ஆசையா எழுதிக்கிட்டீங்க."

"சொல்லியிருக்கணும்! தப்புன்னா தப்புன்னு சொல்லியிருக்கணும்!"

கத்திவிட்டேன். அவள் அழுதாள். அவள்மேலா கத்தினேன்?

ஆகஸ்ட் 24

சாப்பிடவில்லை. அல்லது சாப்பிட்டேனா — தட்டு கழுவி வைத்திருக்கிறது.

செப்டம்பர் 2

அருளுக்கு இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல். போட்டேனா என்று பிறகு தேடாமல் இருக்க.

அன்புள்ள அருள்,

பன்னிரண்டாம் தேதி டாக்டரிடம் வருகிறேன். கனசதுரத்தைச் சரியாக வரைவேன். கை பழகிவிட்டது. அதைப் பார்த்து அவர் ஏமாறக் கூடாது. ஓவிய நோட்டையும் நாட்குறிப்பையும் அவரிடம் கொடுக்கப் போகிறேன். பூவிழி சொன்னது சரி என்று அவளிடம் சொல்லிவிடு.

ஓசூரில் எனக்கு எந்த அறை? ஜன்னல் எந்தப் பக்கம்? எந்தத் தேதியில் கிளம்ப வேண்டும்? போனில் சொல்லாதே. தாளில் எழுதி, தேதி போட்டு அனுப்பு.

அம்மா