கும்மிடிப்பூண்டியில் நிறுத்திய குதிரை

திருவள்ளூர்,
19-1-1961

அன்புத் தம்பி துளசிராமனுக்கு அக்கா கங்கம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் குழந்தை சம்பூர்ணமும் வீரராகவப் பெருமாள் புண்ணியத்தில் சுகம். நீ அந்தக் கால்நடைச் செக்போஸ்ட்டுக் கொட்டகையில் பனியில் கிடக்கிறாயே, மார்ச்சளி விட்டதா? உடம்பைப் பற்றி ஒளிக்காமல் எழுது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை தை அமாவாசைக்கு நம் ஸ்டேஷனில் மிஞ்சிய ஜட்காக்கள் முப்பதும் ஓடின. ஊசி போட்ட குதிரை ஒன்றுகூடச் சாகவில்லை. குளத்தில் முழுக வந்த கூட்டத்தை விடியற்காலையிலிருந்து ஏற்றி இறக்கி மாளவில்லை.

நான் மூன்று மாதமாக ஏன் எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். ஐப்பசியில் உன் மாமா சூலூர்பேட்டையில் ஆசை ஆசையாக வாங்கி ஓட்டி வந்த வெள்ளைக் குதிரையை நீ கும்மிடிப்பூண்டியில் தடுத்தாய். ஆந்திராப் பக்கம் குதிரைகள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருக்கின்றன, எதையும் விட முடியாது என்று கொட்டகையில் கட்டினாய். நாலாம் நாள் அது செத்தது. உன் மாமா வீட்டுக்கு வந்து, “சொந்த மாமன்னுகூட பாக்கல உன் தம்பி. பட்டினி போட்டே கொன்னுட்டான். இனிமே அவன் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் திருப்பாச்சூரில் இரண்டு குதிரைகள் விழுந்தன. கண்ணுக்கு மேலே வீக்கம், மூக்கில் நுரை. காலையில் புல் தின்றது மறுநாள் இல்லை. பட்டணத்திலிருந்து டாக்டர் ஐஸ் பெட்டியில் மருந்தோடு வந்தார். ஊரைச் சுற்றி ஆள் போட்டு, குதிரை உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது என்றார். பூச்சி கடித்துப் பரவுகிற நோயாம். பொழுது சாயுமுன் உள்ளே கட்டிப் புகை போடுங்கள், எல்லாவற்றுக்கும் ஊசி போடுங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டார். ஒரு குதிரை வரவில்லை. “கவருமெண்டு கொட்டாயில கட்னாங்கோ, நாலே நாள்ல பூட்ச்சி. ஊசி போட்டா மறுநாளே பூடும்” என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது யார் என்று நான் எழுத வேண்டுமா? அவர் பேச்சைக் கேட்டு எல்லாரும் குதிரைகளைத் தோப்புகளில் ஒளித்தார்கள்.

அப்போதுதான் உன் கார்டு வந்தது. “சிட்டுவுக்காவது ஊசி போட்டுவிடு அக்கா” என்று ஒரே வரி. உன் மாமா குளத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் எங்கள் வண்டிக் குதிரை சிட்டுவின் கயிற்றைப் பிடித்தேன். தேரடியில் ஜட்காக்கார ராஜமாணிக்கம் குறுக்கே வந்து, “இன்னா கங்கம்மா, உன் ஊட்டுக்காரன் செங்கல்வராயனுக்குத் தெரியுமா?” என்றான். “தெரிஞ்சா உடுவாரா? வழிய உடு” என்று போய்விட்டேன். சிட்டு ஊசிக்கு அசையக்கூட இல்லை.

ஆறாம் நாள் அதற்குக் காய்ச்சல் கண்டது. தீனியைத் தொடவில்லை. டாக்டர் இப்படிச் சில குதிரைகளுக்கு வரும், ஓட்டாமல் வைத்திரு என்றார். உன் மாமா என்னோடு பேசவில்லை, என் கையால் சாப்பிடவில்லை. கூடத்தில் கட்டியிருந்த சிட்டுவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து ஒரு குரல், “கங்கம்மா, துன்னுதுடி!” ஓடிப்போய்ப் பார்த்தால் கொள்ளுக் கூடைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்கிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே ஊசி போடாத ராஜமாணிக்கத்தின் குதிரை நுரை தள்ளிச் செத்தது. உன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தோப்பு தோப்பாகப் போய், ஒளித்தவர்களிடம் “நான் சொன்னது தப்பு” என்று அவர் வாயாலேயே சொல்லி, ஒவ்வொரு குதிரையையும் இழுத்து வந்து டாக்டருக்குப் பிடித்துக் கொடுத்தார். மூன்று நாளில் அத்தனைக்கும் ஊசி. போகிக்கு முதல் நாள் காவலை எடுத்தார்கள்.

அமாவாசை அன்று நான் குழந்தையோடு அவர் வண்டியில் கோயிலுக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் குதிரை நோயைப் பற்றிக் கேட்டார். உன் மாமா சொல்கிறார்: “கும்முடிபூண்டில என் மச்சான் நின்னுகினு இருந்தான் சார். அக்கா புருசன் குதிரையவே உடாதவன். அதுவும் இந்த நோவுலதான் பூட்ச்சி. அவன் மட்டும் அத உட்டிருந்தா, ஊசி வர்றதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல ஒரு குதிர மிஞ்சியிருக்காது.” நான் பின்னால் இருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் இருமவில்லை.

மாசி பத்தாம் தேதி சம்பூர்ணத்துக்குக் காது குத்த நாள் குறித்திருக்கிறது. யார் மடியில் உட்கார வைப்பது என்று கேட்டேன். “இது இன்னா கேள்வி” என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இந்தத் தாளை வாங்கி வந்தவரும் அவர்தான். காலையிலிருந்து மூன்று தடவை “எழுதிட்டியா” என்று கேட்டாகிவிட்டது.

எந்த ரயில் என்று எழுது. அவர் ஸ்டேஷனில் நிற்பார். ஒன்றும் பேசாமல் உன் பெட்டியை வாங்கினால், நீயும் ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறிக்கொள். நூறு வயது நன்றாக இரு, தம்பி.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
கங்கம்மா