பத்தாவது கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே இரண்டு பேருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வாய்தான் சரியில்லை. உன் அப்பா ஒன்பது நாளாக யாரைப் பார்த்தாலும் கடிக்கிறார், பதிலுக்கு நானும் கடிக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்டு வீட்டோடு கிடந்த மனுஷனிடம், நீங்கள் இருக்கிற நாட்டில் ஓட்டுச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிடித்த வரிசையில் எண் போடுகிறார்கள் என்று போன வருஷம் சொன்னது யார்? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கொடுத்தாய். இங்கேயும் அப்படி மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் என் கொள்கை என்று நகரசபைத் தேர்தலில் நிற்கக் கிளம்பிவிட்டார். நகரசபைக்கு அந்த அதிகாரமே கிடையாதே என்றால், "எங்கயாவது ஒருத்தன் ஆரம்பிக்கணும்டி" என்கிறார். ஒரு மாதமாகத் தெருவில் குப்பை வண்டி வரவில்லை, அதைப் பற்றி வாயைத் திறப்பாரா, மாட்டார். நான் தைக்கிற மேசைதான் கட்சி ஆபீஸ். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு நிறம் பிரித்து வைத்திருந்த என் பொத்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், கறுப்பு முப்பத்தி நாலு, வெள்ளை முப்பத்தி மூணு, நீலம் முப்பத்தி மூணு என்று தரையில் கொட்டி, "அறுபத்தாறு பேர் வேண்டாம்னவன் எப்படிம்மா ஜெயிச்சவன் ஆவான்?" என்று கேட்பார். சனங்கள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதிப் பொத்தான் திரும்பி வரவில்லை.

சிரிக்காதவர் சலூன்காரர் அண்ணன் ஒருத்தர்தான். அப்பாவின் நோட்டீஸைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார், அதற்காகவே இப்போதைய கவுன்சிலரின் ஆட்கள் அந்தக் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். வேட்புமனு போட இந்த வார்டில் ஓட்டு உள்ளவர்கள் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். சேர்ந்த ஒன்பதில் ஒன்று அண்ணன் போட்டது, ஆறு அவர் முடி வெட்ட வந்தவர்களிடம் கெஞ்சி வாங்கியது. கடைசி நாள் மத்தியானம் வரை பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. அப்பா என் தையல் மிஷின் பக்கத்தில் காகிதத்தோடு வந்து நின்றார். பேனாவை என் பக்கம் நீட்டினார். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. அதற்கு ஒரு வாரம் முந்தி, பொத்தான் டப்பாவை அவர் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, இருபத்தெட்டுச் சட்டை பொத்தானில்லாமல் தொங்குகிறது, பள்ளிக்கூடத்து ஆள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போகிறான், அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலரின் ஆட்கள் வந்து கவுன்சிலருடைய வேட்புமனுவை நீட்டினார்கள். ஏமாந்தெல்லாம் போடவில்லை. உன் அப்பா மேல் இருந்த ஆத்திரத்தில் தெரிந்தேதான் போட்டேன், நல்லா கொட்டையெழுத்தில் போட்டேன். கையெழுத்துதானே, ஓட்டா என்ன என்று நினைத்தேன். ஒருத்தர் ஒரே ஒரு மனுவில்தான் போடலாம் என்பது எனக்கு எப்படித் தெரியும்! பரிசீலனை அன்று அதிகாரி, உங்கள் பத்தில் ஒருவர் ஏற்கெனவே வேறு மனுவில் போட்டிருக்கிறார், முதலில் வந்ததுதான் செல்லும், உங்களுக்கு ஒன்பதுதான், மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டாராம். யார் என்று சொல்ல விதியில்லையாம். ஒருத்தருக்குப் போட்டால் இன்னொருத்தருக்கு இடமில்லை என்கிற விதியை மாற்றப் போனவரை அதே விதி வாசலிலேயே மடக்கிவிட்டது, அதுவும் என் கையால்.

என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் எனக்கு எரிகிறது. முந்தின நாள் கவுன்சிலர் சலூனில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டாராம், அது போதாதா? நேரே கடைக்குப் போய் நாலு பேர் முன்னால், "முப்பது வருஷமா உன் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தேனே, கடைசியில அறுத்துட்டியே" என்று கத்தியிருக்கிறார். அண்ணன் துண்டை உதறிக்கொண்டே, "நீ அப்படி நினைச்சா நினைச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாராம். இப்போது அப்பா வேறெங்கோ போய் எலி கடித்த மாதிரி முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நேற்று பஸ் ஸ்டாப்பில் அண்ணன் மனைவி என் கையைப் பிடித்து, "அக்கா, நீங்களுமா அவரை நம்பல?" என்று கேட்டாள். எனக்கொன்றும் தெரியாதும்மா என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது பார்த்தேன், கடைக் கண்ணாடியில் அந்த நோட்டீஸ் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து மிஷினில் தலையைச் சாய்த்து அழுதேன்.

குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையைச் சாப்பிடும் நேரத்தில் போன் பார்க்க விடாதே. அப்பாவுக்கு இனிமேல் எந்த நாட்டுச் சங்கதியும் சொல்லாதே, கும்பிட்டுக் கேட்கிறேன். நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிவிடுகிறவர்களாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எப்போதும் போல அப்பாவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் அவர் எழுதுவார், உனக்கே தெரியும். நாளைக் காலையில் இதைப் பொத்தான் டப்பா மேல் வைத்துவிட்டுத் தைக்க உட்காரப்போகிறேன். அந்த இடம் காலியாக வந்தால் எனக்குப் போட வேண்டாம், அவருக்கு ஒரு போன் போடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

படித்தேன். முதலில் சலூனுக்குப் போகிறேன். உன் அம்மாவோடு கச்சேரியை வந்து வைத்துக்கொள்கிறேன். — அப்பா