சுவரில் அழித்த சுழி

உ  உ

வீட்டைக் கட்டி ஆளும் என் மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சின்னவளுக்குச் சளி விட்டதா?

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. அரசாங்கப் பள்ளிக்கூடத்துச் சுவரில் பெயர் எழுதும் வேலை. சாரத்தில் ஏறியதும் பழக்கதோஷத்தில் முதலில் பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டேன், ஒரு முழத்துக்கு. கீழே நின்ற தலைமையாசிரியை பார்த்துவிட்டார்.

“அழிச்சிடுங்க பெயிண்டரே. நானும் சாமி கும்பிடறவதான். ஆனா இது எல்லார் வீட்டுப் பிள்ளைங்களும் படிக்கிற இடம். உங்களுக்கு விட்டா நாளைக்கு ஆளுக்கொரு குறி போடணும்பாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பேரை எங்க எழுதறது?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நம் சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் வேறு சாமி கும்பிடச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? அழித்துவிட்டேன்.

சுழி இல்லாமல் கை ஓடவில்லை. இடது உள்ளங்கையில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டேன். அதையும் பார்த்துவிட்டார். “கை உங்களோடது, தாராளமா போட்டுக்கோங்க” என்று சிரித்தார். அதற்குப் பிறகு எழுத்து என்னமாய் வந்தது தெரியுமா! நீ பார்த்திருந்தால் உன் கண்ணே பட்டிருக்கும்.

பிரஷ் துடைக்கக் கடைத்துணி சரியில்லை, நூல் விடுகிறது. உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. மேலே எதற்கு இரண்டு சுழி என்று கேட்பாய். ஒன்று இந்தக் கடிதத்துக்கு. மற்றது சுவரில் அழித்தது. அது உன்னிடம் இருக்கட்டும்.

உன் பெயிண்டர்